பாட்டுச் சொல்லாததைப் படம் சொல்லும்

பண்டிதன் ஒருவன் சிறுவர் படநூல்களைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். நன்னூல் விருத்தியும் தொல்காப்பிய உரைகளும் கையிலிருக்க வேண்டிய வயதில், முயலும் பூனையும் நிறைந்த பழைய ஏடுகளை இவன் ஏன் புரட்டுகிறான் என்று என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விடை கூறுவதாயின் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டாண்டுகளுக்கு முன் நான் கற்பிக்கும் கல்லூரியின் நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது. அலுமாரிகள் நான்கு, நூல்களோ ஆறு அலுமாரிக்குப் போதியவை. எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கே இருந்தது. நான் வகுத்துக்கொண்ட விதி மிக எளியது. எழுத்து மிகுந்த நூல் இருக்க வேண்டும். எழுத்துக் குறைந்த நூல் போக வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டை ஒழித்தபோது அன்போடு கொடுத்துச் சென்ற பழைய ஆங்கிலப் படநூல்கள் இரண்டு கட்டு இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து வரிகளை எண்ணினேன். பாட்டு முழுவதும் ஆறு வரிக்கு மேற்படவில்லை. ஆறு வரிக்கு இத்தனை தாளா என்று எண்ணி, இரு கட்டையும் பழைய கடதாசி வாங்குபவருக்கென ஒதுக்கிவிட்டேன். முதற் கட்டு அன்றைக்கே போயிற்று. இரண்டாவது கட்டு, அவருடைய சைக்கிளில் இடமில்லாமையால், விறாந்தையிற் கிடந்தது.

மறுநாள் இடைவேளையில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அக்கட்டின் அருகே குந்தியிருந்தான். அவன் தமிழையே எழுத்துக்கூட்டி வாசிப்பவன், ஆங்கிலம் அறியான். ஒரு நூலின் பக்கம் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் எழுந்து, "ஐயா, இந்தத் தட்டை ஆர் உடைச்சது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. முதல்நாள் அந்நூலின் வரிகளை எண்ணியவன் நான். அப்பாட்டில் உடைந்த தட்டு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். நூலை வாங்கிப் பார்த்தேன். தட்டு உடைந்துதான் கிடந்தது. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அவன் தயங்கவில்லை. "கரண்டியின்ரை அப்பாவும் அம்மாவுந்தான் ஐயா. அங்கை பாருங்கோ, அதை இழுத்துக்கொண்டு போகினம்" என்றான். உண்மையே. ஒரு கத்தியும் ஒரு முள்ளுக்கரண்டியும் கரண்டியைக் கொண்டுபோயின. எழுத்தறிந்த நான் காணாத கதையை, எழுத்தறியாத சிறுவன் கண்டிருந்தான்.

அந்நூல் றன்டோல்ப் கோல்டிகொற் என்னும் ஆங்கில ஓவியர் 1882 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆங்கிலக் குழந்தைகள் மழலைப் பருவத்திலே கேட்கும் வேடிக்கைப் பாட்டு ஒன்றுக்கு அவர் படம் வரைந்திருந்தார். பிடில் வாசிக்கும் பூனையும் நிலவைத் தாண்டும் பசுவும் வருகின்ற அப்பாட்டு, தட்டும் கரண்டியும் உடன்போக்குப் போவதோடு முடிந்துவிடும். பாட்டுக்காரன் அங்கே நின்றுவிட்டான். ஓவியரோ இன்னுமொரு பக்கம் சென்றார். உடன்போக்கின் முடிவு என்னவாயிற்று என்பதை ஒரு சொல்லும் இன்றிச் சில கோடுகளாற் காட்டினார். சிரிப்பாகத் தொடங்கிய ஒன்று துயரமாக முடிகிறது. அமெரிக்கப் படநூலாசிரியர் மொறிஸ் சென்டாக், கோல்டிகொற்றைத் தற்காலப் படநூலின் தொடக்கமாகக் கொண்டாடியவர். அவரும் இப்படத்துக்கு இதே பொருளைத்தான் கண்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். நம்மூர் நான்காம் வகுப்புச் சிறுவனும் அந்தப் பெரிய கலைஞரும் ஒரே பொருளிற் சந்தித்தமை எனக்கு வியப்பைத் தந்தது. அதனினும் மிகுதியாக வெட்கத்தைத் தந்தது.

ஏனெனில் இத்தகைய பொருள்கோளைப் பயிற்றுவதே என் தொழில். சொல்லின் வழியாக வெளிப்படாது, சொல்லப்பட்ட பொருளுக்குப் புறத்தே தோன்றும் குறிப்பை இறைச்சி என்று நம் இலக்கணம் கூறும். பாலைப் பாட்டிலே களிறு மரப்பட்டையை உரித்துப் பிடியின் பசி தீர்க்கும் காட்சி வந்தால், அது யானையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று என்று மாணாக்கர்க்கு விளக்குகிறேன். அக்காட்சியைக் காணும் தலைவன் தலைவியை நினைந்து மீள்வான் என்பதைத் தோழி சொல்லாமற் சொல்கிறாள் என்று விரித்துரைக்கிறேன். யானையைக் கண்டு தலைவனை உணரப் பழகிய என் கண், உடைந்த தட்டைக் கண்டு ஒன்றும் உணராது போனது ஏன்? படத்தைப் படிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. படம் குழந்தையை எழுத்தினிடம் அழைத்துச் செல்லும் தூண்டில் என்றே கருதியிருந்தேன். கசப்பு மருந்துக்குத் தடவிய தேன் என்றே எண்ணியிருந்தேன். மருந்தே அதுவாக இருக்கக்கூடும் என்று நினைத்ததில்லை.

நன்னூலார் உரையை இருவகையாகப் பகுத்தார். சூத்திரத்தின் கருத்தையும் பதப்பொருளையும் உதாரணத்தையும் சுருக்கமாகக் காட்டுவது காண்டிகையுரை. சூத்திரத்துள் உள்ள பொருளோடு அவ்விடத்துக்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து விரிப்பது விருத்தியுரை. நூலிலுள்ள படங்களும் இவ்வாறே இருவகைப்படும் என்பது என் கருத்து. "பசு" என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு பசுவை வரைந்து நிறுத்துவது காண்டிகை. பாட்டுச் சொல்லாததைக் கண்டு சொல்லுவது விருத்தி.

காண்டிகைப் படங்களை நான் இகழவில்லை. மொறாவியா நாட்டுக் கல்வியறிஞரான கொமேனியஸ் 1658 ஆம் ஆண்டிலே நூரெம்பேர்க் நகரில் வெளியிட்ட படநூல் அவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, அதே எண்ணை இலத்தீன், ஜேர்மன் சொற்களுக்கும் இட்டு, பொருளும் சொல்லும் ஒருங்கே மனத்திற் பதியுமாறு அவர் செய்தார். சொல்லை மட்டும் மனனம் செய்வித்த பள்ளிகளில் அது ஒரு பெரும் புரட்சி. நம் வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் படவட்டைகள் அனைத்துக்கும் அதனை மூதாதை எனலாம். ஆயினும் அங்கே படம் சொல்லுக்கு ஏவலாள். சொல்லுக்குச் சமமாக அமர்ந்து, சில வேளை சொல்லை மறுத்தும் பேசும் படம் வருவதற்கு மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லவேண்டியிருந்தது.

அதனைக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் ஓவியரே அல்லர்; அச்சுத் தொழிலாளர். எட்மண்ட் எவன்ஸ் (1826 - 1905) இலண்டனில் மரக்கட்டையிற் படம் செதுக்கி வண்ணத்தில் அச்சிட்டவர். மலிந்த சிறுவர் நூல்களுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறங்களை அள்ளிப் பூசிய காலத்திலே, ஏழைச் சிறுவன் கையிலும் நல்ல ஓவியம் இருக்கலாம், அதற்குத் தேவை செலவன்று, அக்கறையே என்று அவர் எண்ணினார். வோல்ற்றர் கிறேன், கேற் கிறீனவே, கோல்டிகொற் ஆகிய மூவரும் அவருடைய அச்சகத்தின் வழியாகவே புகழடைந்தனர்.

அம்முறையை ஒருவாறு அறிந்துகொண்டால் அப்படங்களின் அருமை விளங்கும். கோல்டிகொற் பேனாவால் வரைந்த கோட்டுப்படம் புகைப்பட முறையால் கட்டையின் மேற் பதிக்கப்படும். கோடுகளை மட்டும் மேலே நிறுத்தி ஏனைய இடத்தைச் செதுக்குவோர் அகழ்ந்தெடுப்பர். அக்கட்டையிலிருந்து எடுத்த ஒரு படியில் ஓவியர் வண்ணம் தீட்டிக் கொடுப்பார். அதனைப் பார்த்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கட்டை செதுக்கப்படும். ஒரே தாள் அத்தனை கட்டைகளின் கீழும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒரு கட்டை மயிரிழை விலகினும் முகத்தின் சிவப்பு முகத்திலே நில்லாது. ஆதலின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருவன் உழைப்பு உண்டு. வீண் கோடு இழுக்க அங்கே இடமில்லை. சுருங்கச் சொல்லல் என்பதை நூலின் அழகுகளுள் முதலாவதாக வைத்தார் நன்னூலார். அதனைக் கோட்டிலே செய்துகாட்டியவர் கோல்டிகொற். அவருடைய பக்கங்களிற் பாதிக்கு மேல் வெறுந்தாள். குதிரை ஓடும், அதன் கீழே நிலம் இராது, இரண்டு சிறு கீறல் இருக்கும். பார்ப்பவன் நிலத்தைத் தானே விரித்துக்கொள்வான்.

அவர் வாழ்க்கையும் சுருக்கமானதே. 1846 இல் செஸ்ரர் நகரிற் பிறந்து, வங்கி எழுதுநராகச் சில காலம் பணிபுரிந்து, 1872 இல் இலண்டன் சேர்ந்தார். நோய் நீங்காத உடம்பு. 1878 தொடக்கம் 1885 வரை ஆண்டுக்கு இரண்டாகப் பதினாறு படநூல்களை ஆக்கினார். ஒவ்வொன்றின் விலையும் ஒரு சிலிங். 1886 பெப்ரவரியில், நாற்பது வயது நிறையுமுன், அமெரிக்காவின் புளோரிடாவில் மறைந்தார். அமெரிக்க நூலகச் சங்கத்தார் சிறந்த படநூலுக்கு 1938 தொடக்கம் வழங்கிவரும் பதக்கம் அவர் பெயரையே தாங்குகிறது. எழுந்து நடமாடுவதே அரிதாயிருந்த காலத்தும் அவர் வரைந்தவையோ ஆடல், ஓடல், பாய்தல், வேட்டை! அப்படங்களில் அசையாத ஒன்றைக் காண்பது அரிது.

முன்னே கூறிய தட்டும் கரண்டியும் வருகின்ற அதே நூலில் இன்னுமொரு பாட்டும் உண்டு. தந்தை வேட்டைக்குப் போய்க் குழந்தைக்கு முயற்றோல் கொண்டுவரப் போவதாகச் சொல்லும் தாலாட்டு அது. பாட்டைக் கேட்போர் தந்தை வேட்டையில் வென்றான் என்றே கொள்வர். படமோ வேறு கதை சொல்லுகிறது. வேட்டைக் கோலத்தில் ஆரவாரமாகப் புறப்பட்ட தந்தைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஊருக்குள் தோல் விற்கும் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வருகிறான். பாட்டில் இல்லாத கடை படத்தில் இருக்கிறது. வீரம் பேசிய தந்தையைப் பார்த்துக் குழந்தையோடு நாமும் சிரிக்கிறோம்.

சிரிப்பு அடங்குமுன் இறுதிப் படம் வந்துவிடும். முயற்றோற் சட்டையும் அதன் நெடுஞ்செவிகளும் அணிந்த குழந்தையைத் தாய் உலாவ அழைத்துச் செல்கிறாள். எதிரே ஒரு மேட்டிலே உயிருள்ள முயல்கள் கூட்டமாக இருக்கின்றன. குழந்தை அவற்றைப் பார்க்கிறது. அவை குழந்தையைப் பார்க்கின்றன. அவ்வளவே. பாட்டு முன்பே முடிந்துவிட்டது. தன் உடம்பிலுள்ள தோல் யாருடையது என்று அக்குழந்தைக்கு அக்கணத்திலே தோன்றியதா? ஓவியர் சொல்லவில்லை, குழந்தையின் முகத்தில் ஒரு திகைப்பை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இப்பக்கத்தை என் வகுப்பிற் காட்டிய நாளிலெல்லாம் சிறிது நேரம் யாரும் பேசியதில்லை. உயிர்க்கு இரங்குதலைப் பற்றி நாற்பது நிமிடம் நான் பேசியதுண்டு. அத்தகைய அமைதி என் பேச்சுக்குக் கிடைத்ததில்லை.

அவருக்குப் பின் வந்த பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையார் இக்கலையை வேறொரு வழியில் வளர்த்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனை மகிழ்விக்க 1893 செப்ரெம்பரில் படங்களோடு எழுதிய கடிதமே அவருடைய பீற்றர் முயலின் கதைக்கு வித்து. முதலில் 1901 இல் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வண்ணப் படங்களோடு பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. சிறு கைக்கு அடங்கும் சிறு நூலாக அது இருக்கவேண்டும் என்பது அம்மையாரின் எண்ணம். அவர் முயலின் உடலமைப்பையும் காளான்களின் கூறுகளையும் விஞ்ஞானியைப் போல ஆராய்ந்தவர். ஆதலின் அவருடைய முயல் நீலச் சட்டை போட்டாலும் முயலே. தோட்டக்காரனுக்கு அஞ்சி ஓடும்போது அது முதலிற் பாதணிகளை இழக்கிறது; பின்னர்ச் சட்டையையும் இழக்கிறது. அணிந்தவை நீங்க நீங்க, இருகாலில் நின்ற சிறுவன் நாற்கால் விலங்காகிறான். உயிருக்கு ஆபத்து வந்தவிடத்து நாகரிகம் எத்துணை மெல்லிய துணி என்பதைச் சிறுவர்க்குக் கூறுவது எப்படி என்று நம்மைக் கேட்டால் நாம் திகைப்போம். அம்மையார் ஒரு சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டார்.

இவற்றைக் கேட்ட என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், அவரும் பண்டிதரே, ஒரு தடையை எழுப்பினார். "படம் பார்க்கும் குழந்தை தானாகக் கற்பனை செய்யாது. 'யானை' என்று கேட்டால் ஒவ்வொரு குழந்தையும் தன் யானையை மனத்தில் வரையும். படத்தைக் காட்டினால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே யானை. நீர் கற்பனையைச் சுருக்குகிறீர்" என்றார். இத்தடையை எளிதில் தள்ளிவிட முடியாது. தீய படங்களைப் பொறுத்தவரை நண்பர் கூற்று முற்றும் உண்மை. எழுத்துச் சொன்னதையே படமும் சொன்னால் அது கூறியது கூறல். பக்கம் முழுவதையும் நிறத்தால் நிரப்பினால் மிகைபடக் கூறல். பாட்டில் மழை பெய்ய, படத்தில் வெயில் எறித்தால் மாறுகொளக் கூறல். நூற் குற்றமாக நன்னூலார் சொன்னவை படத்துக்கும் பொருந்துகின்றன. ஆனால் நல்ல படம் கற்பனையை நிறுத்துவதில்லை, தொடக்கி வைக்கிறது. உடைந்த தட்டைக் கண்ட சிறுவன் உடைத்தவர் யார் என்று தேடத் தொடங்கினான் அன்றோ?

பழையது என்பதனாலேயே எல்லாம் நன்று என்று நான் சொல்ல வரவில்லை. கேற் கிறீனவே அம்மையாரின் முதற் பெருநூல் 1879 இல் இருபதினாயிரம் படிகள் அச்சாகி விரைவிலே விற்றுத் தீர்ந்தது. அதன் பூக்களும் உடைகளும் இன்றும் கண்ணுக்கு இனியவை. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் அதே முகம். சேறு படாத அதே பாதம். அக்காலத்து ஆலைகளில் உழைத்த ஏழைச் சிறுவர் அத்தோட்டத்துக்குள் ஒருபோதும் வருவதில்லை. இதனினும் பெருங்குற்றம் உடையவையும் உள. இந்தியாவில் வாழ்ந்த ஹெலன் பனர்மன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண்மணி 1899 இல் வெளியிட்ட 'லிற்றில் பிளாக் சாம்போ' என்ற நூலின் கதை புலிகளை ஏமாற்றும் ஒரு கெட்டிக்காரச் சிறுவனைப் பற்றியது. படங்களோ அச்சிறுவனையும் அவன் பெற்றோரையும் கேலியுருவங்கள் ஆக்கிவிட்டன. கதை அவனை உயர்த்த, கோடு அவனைத் தாழ்த்துகிறது. படத்தின் வலிமையை நாம் நம்புவோமாயின் அது தீமை செய்யும் வலிமையையும் நம்பவே வேண்டும். இத்தகைய நூலைச் சிறு குழந்தையின் கையிற் கொடுக்க மாட்டேன். மேல்வகுப்பு மாணாக்கரோடு இருந்து பார்ப்பேன். ஒரு கோடு மனிதனை எவ்வாறு இழிவு செய்யும் என்பதும் கற்கவேண்டிய பாடமே.

இக்கலை நம் நாட்டுக்கு வெளியே மட்டும் உள்ளது என்று யாரும் கருதவேண்டியதில்லை. காலிக்கு அருகே கிந்தோட்டையில் 1927 இற் பிறந்து 2020 இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார், சிங்களத்தில் 1956 இல் வெளியிட்ட 'குட ஹொரா' இன்று பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது. குடையையே அறியாத ஓர் ஊர். நகருக்குச் சென்று குடை வாங்கி வரும் ஒருவர். வாங்கி வரும் குடையெல்லாம் களவு போகிறது. கள்வன் ஒரு குரங்கு. கதை இவ்வளவே. அம்மையாரின் படங்களில் தூரத்தை அளந்து காட்டும் மேனாட்டு முறை இல்லை, நிழலும் இல்லை. மரமும் கூரையும் மனிதரும் ஒரே தளத்தில் நெருங்கி நிற்பர். விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்திருப்போர்க்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். கோல்டிகொற்றைப் பின்பற்றி ஆங்கிலேய வயலை அவர் வரையவில்லை. தம் ஊரையே வரைந்தார். அதனாலேயே தொலைநாட்டுக் குழந்தைகளும் அவ்வூருக்குள் புகமுடிந்தது. தமிழில் எழுதும் நம்மவர் கருதவேண்டியது இது. நம் சிறுவர்க்குப் பாட்டெழுதிய புலவர்கள் பலர். அப்பாட்டுகளுக்கு விருத்தியுரை வரைந்த ஓவியர் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம்? பல நூல்களில் ஓவியர் பெயர் அட்டையிலே கூட இராது.

இன்று இன்னொரு நிலை தோன்றியிருக்கிறது. வேண்டிய படத்தைச் சில சொற்களிற் கேட்டால் கணினி நொடிப்பொழுதில் வரைந்து தருகிறது. சிறுவர் ஏடுகள் அவற்றால் நிரம்பத் தொடங்கிவிட்டன. அவை பளபளப்பானவை, நிறம் குறைவற்றவை. ஆனால் நான் கண்டவற்றுட் பெரும்பாலானவை சொன்னதையே திருப்பிச் சொல்பவை. "தட்டும் கரண்டியும் ஓடுகின்றன" என்று கேட்டால் அவை ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பக்கத்தில் அத்தட்டு உடைந்து கிடக்க வேண்டும் என்று எண்ணுவதற்கு, உடன்போக்கின் முடிவை அஞ்சிய ஒரு நெஞ்சம் வேண்டும். கருவியை நான் பழிக்கவில்லை. கேட்பவனுக்கு அந்நெஞ்சம் இருந்தால் அதுவும் பயன்படலாம். அந்நெஞ்சத்தை வளர்ப்பதற்குப் பழைய படநூல்களைப் போன்ற பள்ளி வேறில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன். பழைய படநூலைக் காட்டும்போது முதலில் எழுத்தை மூடிவையுங்கள். குழந்தைகள் படத்திலிருந்து கதை சொல்லட்டும். பின்னர் எழுத்தை வாசியுங்கள்; எழுத்து எதைச் சொல்லாது விட்டது என்று கேளுங்கள். பக்கத்தை விரைந்து புரட்டாதீர்கள். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று நினைக்கும் இடைவெளியே படநூலின் உயிர். பக்கத்தின் மூலைகளைப் பாருங்கள். வேலிக்கு அப்பால் நிற்பவரையும் கதவருகே இருக்கும் நாயையும் விட்டுவிடாதீர்கள். தொகுப்பு நூல்களில் ஒரு பாட்டுக்கு ஒரு படமாகப் பிய்த்தெடுத்துப் போட்டிருப்பார்கள். நான்கு பக்கத்தை ஒரு பக்கத்தில் ஒடுக்கியும் இருப்பார்கள். செய்யுளின் அடிகளை மாற்றி அடுக்குவதற்கு அது ஒப்பானது. முழு நூலை, அதன் வரிசையிலேயே பாருங்கள். பொருளில்லாப் பள்ளிகளும் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. கோல்டிகொற்றின் நூல்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை. இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. நம் தமிழ் ஏடுகளுக்கு, 2005 ஆம் ஆண்டு தொடக்கம் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அருந்தொண்டு ஆற்றிவருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பழைய பாலர் வாசகத்தைக் கடைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அழியவிடாமற் படியெடுக்கக் கொடுங்கள்.

இதனை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, இழந்தவனாகச் சொல்லுகிறேன். அன்று சைக்கிளிற் போன முதற் கட்டில் எந்நூல்கள் இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர்களைக் குறித்துவைக்கவும் இல்லை. குறிக்கத்தக்கவை என்று நான் கருதியிருந்தால் அல்லவா? கடலை சுற்றிய தாளாக எங்கோ அவை முடிந்திருக்கும். அந்த ஆசிரியை ஒருமுறை கல்லூரிக்கு வந்தபோது, "என்ரை புத்தகங்கள் பிள்ளையளுக்குப் பயன்படுதா, பண்டிதர்?" என்று கேட்டார். பாதிதான் பயன்படுகிறது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. "பயன்படுகுது அம்மா" என்றேன். அப்பொய்யின் பாதியை மெய்யாக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று கொண்டாலும் தவறில்லை.

எஞ்சிய இரண்டாவது கட்டு இப்போது நூலகத்தின் கீழ்த்தட்டில், சிறியவர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அந்நூல்களை விரிக்கிறோம். அன்றைக்கு ஒரு விதி உண்டு: வினாக் கேட்பது பிள்ளைகள், விடை தேடுவது எல்லோரும். அச்சிறுவன் இப்போது மேல்வகுப்பில் இருக்கிறான். இலக்கணத்தில் இன்னும் இடறுகிறான். ஆயினும் அகப்பாட்டு ஒன்றை வாசித்து, இதிலே புலவன் சொல்லாதது என்ன என்று நான் கேட்டால், வகுப்பில் முதலில் உயர்வது அவன் கைதான்.